கொட்டாயில் நிற்கும் பழைய காரை நாமே எழுப்புவது: முழுமையான வழிகாட்டி

எங்கள் அப்பிச்சியின் (அம்மாவின் அப்பா) பிரீமியர் பத்மினி கார், கோபிசெட்டிபாளையம் பக்கத்தில் தோட்டத்துச் சாளையை (தோட்ட வீட்டை) ஒட்டிய கொட்டாயில் பதினோரு வருடம் நின்றது. 1984-ல் பதிவான வண்டி. அவர் போன பிறகு யாரும் சாவியைத் தொடவில்லை. ஒரு பக்கம் உர மூட்டைகள், இன்னொரு பக்கம் மாடு கட்டும் கட்டுத்தரை, மேலே ஓட்டு இடுக்கில் எலி. அதை இரண்டரை வருட ஞாயிற்றுக்கிழமைகளில் மறுபடி சாலைக்குக் கொண்டு வந்தேன். அப்போது தெரிந்திருந்தால் பாதி நாள் மிச்சமாகியிருக்கும் என்று தோன்றியதையெல்லாம் இங்கே எழுதுகிறேன்.

கொங்கு நாட்டில் இப்படி நிற்கும் வண்டிகளுக்குக் குறைவில்லை. பொள்ளாச்சித் தென்னந்தோப்புக்குள் ஒரு அம்பாசிடர் இருக்கும், தாராபுரம் பக்கம் வேம்படியில் ஒரு ஜீப் இருக்கும். அவற்றை எழுப்ப ஆசைப்படுகிறவர்களும் நிறைய. ஆனால் தொடங்கிய வேலைகளில் பல ஒரே இடத்தில் செத்துப்போகின்றன: வண்டியை அக்குவேறு ஆணிவேறாகக் கழற்றி, முப்பது அட்டைப் பெட்டிகளில் போட்டு வைத்த இடத்தில். முதல் மாதம் கழற்றுவது சுகமாக இருக்கும். ஆறாவது மாதம் எந்த போல்ட் எதற்கு என்று தெரியாது. இரண்டாவது வருடம் பெட்டிகளோடு சேர்த்துப் பழைய இரும்புக்குப் போகும்.

அதனால் இந்த வழிகாட்டி முழுவதற்கும் ஒரே விதிதான். வண்டி எப்போதும் தன் நான்கு சக்கரத்தின் மேல், தள்ளினால் நகரும் நிலையில் இருக்க வேண்டும். ஒரு பகுதியைக் கழற்றினால் அதை முடித்து மாட்டிய பிறகே அடுத்ததைத் தொட வேண்டும். வரிசையும் முக்கியம்: முதலில் எஞ்சின் உயிரோடு இருக்கிறதா என்று பார்ப்பது, பிறகு வண்டியை நிற்க வைப்பது, அதாவது பிரேக், அப்புறம் ஓட வைப்பது, கடைசியில்தான் மினுக்குவது.

நான் பத்மினியை வைத்தே சொல்கிறேன். இத்தாலியின் ஃபியட் 1100-ஐ மும்பை குர்லாவில் பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் தயாரித்தது. 1974-லிருந்து அதற்குப் பத்மினி என்று பெயர். 1089 சி.சி. எஞ்சின், ஸ்டீயரிங்கிலேயே கியர், நான்கு சக்கரத்துக்கும் டிரம் பிரேக். மும்பை டாக்சியாக 2023 வரை ஓடிய வண்டி என்பதால் சில்லறைச் சாமான்கள் இன்றும் தேடினால் கிடைக்கின்றன. அம்பாசிடர் வைத்திருப்பவர்களுக்கும் இதில் பெரும்பாலானது பொருந்தும்.

ஸ்பேனருக்கு முன்னால் காகிதம்

ஆர்.சி. புத்தகத்தை எடுத்துக்கொண்டு போய், அதிலுள்ள சேசிஸ் எண்ணும் எஞ்சின் எண்ணும் வண்டியில் அடித்திருப்பதோடு ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள். ஒத்துப்போகவில்லை என்றால் ஒரு ரூபாய்கூடச் செலவு செய்யாமல் முதலில் அதைத் தீர்த்துக்கொள்ளுங்கள். வெளியில் வாங்கும் வண்டி என்றால் வாங்கவே வேண்டாம்.

வண்டி இறந்துபோனவர் பெயரில் இருந்தால், வாரிசுச் சான்றிதழோடு படிவம் 31 கொடுத்துப் பெயர் மாற்ற வேண்டும். மற்ற வாரிசுகளின் சம்மதமும் தேவை. மாமாக்கள், சித்திகள் எல்லோரும் சுமுகமாக இருக்கும்போதே கையெழுத்து வாங்கிவிடுங்கள். வண்டி பளபளவென்று நின்ற பிறகு கேட்டால் பேச்சு வேறு மாதிரி போகலாம்.

சொந்த வண்டிக்கு முதல் பதிவு 15 வருடம். அதன் பிறகு ஐந்தைந்து வருடமாகப் புதுப்பிக்க வேண்டும். அதற்குப் படிவம் 25. கட்டணம் 2022 ஏப்ரலில் 600 ரூபாயிலிருந்து 5,000 ரூபாயானது. மிகப் பழைய வண்டிகளுக்கு இன்னும் கூடியிருப்பதால், உங்கள் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் அன்றைய தொகையைக் கேட்டுக்கொள்ளுங்கள். பசுமை வரியும் உண்டு. பதிவு முடிந்துபோன வண்டியைச் சாலையில் ஓட்டக் கூடாது. ஆய்வுக்கு ரெக்கவரி வண்டியில் ஏற்றித்தான் கொண்டுபோக வேண்டும்.

முதல் பதிவிலிருந்து 50 வருடம் தாண்டிய வண்டி என்றால் வேறொரு வழியும் இருக்கிறது. 2021-ல் வந்த மத்திய அரசு விதிப்படி அதை விண்டேஜ் வண்டியாகப் பதியலாம். எண்ணில் வி.ஏ. என்ற எழுத்துகள் வரும், பதிவு 10 வருடம் செல்லும். ஆனால் சேசிஸ், பாடி, எஞ்சின் ஆகியவை பெரிதாக மாற்றப்படாமல் இருக்க வேண்டும். அப்படிப் பதிந்த வண்டியைக் கண்காட்சி, பேரணி, பழுதுபார்ப்பு, எரிபொருள் போன்ற காரணங்களுக்கு மட்டுமே எடுக்கலாம். தினமும் சந்தைக்கு ஓட்ட முடியாது. அப்பிச்சி வண்டியில் கொடிவேரி அணைக்குப் போய்க் குளித்துவிட்டு வர ஆசைப்படுகிறவர்கள் சாதாரணப் புதுப்பிப்பிலேயே இருப்பது நல்லது.

நிறத்தை மாற்றுவதாக இருந்தால் ஆர்.சி.யிலும் மாற்ற வேண்டும். வேறு எஞ்சின் வைக்க முன் அனுமதி வேண்டும்.

இடமும் கருவிகளும்

வண்டியைச் சுற்றி ஒரு ஆள் குனிந்து வேலை செய்ய மூன்றடி இடைவெளி, சமமான சிமென்ட் தரை, நல்ல வெளிச்சம். இவ்வளவு போதும். மண் தரையில் ஜாக்கி போடாதீர்கள். ஜாக்கி தூக்குவதற்கு மட்டும்தான். வண்டிக்கு அடியில் படுக்கும் முன் இரும்பு ஸ்டாண்ட் வைத்தே ஆக வேண்டும். ஹாலோ பிளாக் கல்லை அடுக்கி வைத்துப் படுக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அது சொல்லாமல் கொள்ளாமல் பொடியாகும் கல். தயவுசெய்து வேண்டாம்.

கட்டுத்தரையை ஒட்டிய கொட்டாயும் உர மூட்டை வைக்கும் அறையும் வண்டிக்கு ஆகாது. மாட்டு மூத்திரத்திலிருந்து எழும் அமோனியா செம்பையும் பித்தளையையும் அரிக்கும். உரத்தின் உப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துத் தகரத்தில் ஏற்றும். எங்கள் வண்டியில் உர மூட்டைப் பக்கம் இருந்த இரண்டு கதவுகளும் அடியில் சல்லடையாகிவிட்டன, மறுபக்கக் கதவுகளில் மேல்துரு மட்டும்தான். வேலை தொடங்கும் முன்பே வண்டியை அங்கிருந்து நகர்த்திவிடுங்கள்.

இன்னொன்று: தோட்டத்து இலவச மின் இணைப்பிலிருந்து வெல்டிங் மிஷினுக்கு ஒயர் இழுக்காதீர்கள். அது விவசாயத்துக்கு மட்டும் உரியது.

கருவிகளில் ரிங் ஸ்பேனர் செட், பாக்ஸ் ஸ்பேனர் செட், டார்க் ரென்ச், ஃபீலர் கேஜ், மல்டிமீட்டர், கம்ப்ரஷன் கேஜ் ஆகியவற்றை நல்லதாக வாங்குங்கள். மற்றதெல்லாம் வாடகைக்கோ இரவலுக்கோ கிடைக்கும். தீயணைப்பானை மட்டும் இரவல் வாங்க முடியாது. பவுடர் வகையில் ஒன்றைக் கைக்கெட்டும் தூரத்தில் மாட்டி வையுங்கள்.

தொடுவதற்கு முன் பார்ப்பது

பானட்டைத் திறப்பதற்கு முன் ஒரு கம்பால் தட்டுங்கள். எலி இருக்கும் வண்டியில் அதைத் தேடி வந்த சாரையும் இருக்கலாம். சைலன்சர் வாயில் குளவி மண்கூடு கட்டியிருக்கும். அதைக் கம்பியால் குத்தி எடுங்கள்.

பிறகு போட்டோ. எந்தப் பாகத்தையும் கழற்றும் முன் நான்கு கோணத்தில் எடுங்கள். ஒயர் எந்த முனையில், டியூப் எந்த வழியில், கிளிப் எந்தப் பக்கம் என்று எல்லாம் தெரிய வேண்டும். மூன்று மாதம் கழித்து நீங்கள் அதிகம் தேடப்போவது இவற்றைத்தான். கழற்றும் நட்டு போல்டுகளைச் சின்னச் சின்ன ஜிப் கவரில் போட்டு, பேனாவால் எழுதி, முடிந்தால் அந்தப் பாகத்தோடேயே கட்டி வைத்துவிடுங்கள்.

துரு பார்ப்பதற்கு ஒரு காந்தமும் ஒரு பழைய திருப்புளியும் போதும். காந்தம் ஒட்டாத இடத்தில் பெயிண்டுக்கு அடியில் இருப்பது பட்டி. திருப்புளியால் அழுத்தினால் உள்ளே போகும் இடம் தகரம் இல்லாத இடம். கால்மிதிக்கு அடியிலுள்ள தரைத் தகரம், கதவுக்குக் கீழே ஓடும் சில் பெட்டி, கதவுகளின் அடி விளிம்பு, டிக்கியில் ஸ்டெப்னி உட்காரும் குழி, முன் கண்ணாடி ரப்பரின் கீழ் ஓரம், ஜாக்கி போடும் இடங்கள், இவைதான் பத்மினியில் முதலில் போகும். இந்த வண்டிக்குத் தனி சேசிஸ் கிடையாது, பாடியே சேசிஸ். சில் பெட்டி போயிருந்தால் வண்டியின் முதுகெலும்பே போனதுபோல. இந்தச் சோதனையில் சில், தரை, முன் சஸ்பென்ஷன் பிடிக்கும் இடம் மூன்றும் சேர்ந்து போயிருந்தால், அந்த வண்டியை உதிரிக்கு வைத்துக்கொண்டு வேறு வண்டி தேடுவதுதான் என் யோசனை.

நம் பக்கம் வறண்ட பூமி. காங்கேயம், தாராபுரம் பக்கத்து வண்டிகள் கடற்கரை ஊர் வண்டிகளைவிடத் துருவில் நன்றாகவே தாங்கியிருக்கும்.

எஞ்சினை எழுப்புவது

இங்கே ஆவல்தான் எதிரி. பேட்டரி வாங்கி மாட்டிச் செல்ஃப் (எஞ்சினைச் சுழற்றும் ஸ்டார்ட்டர் மோட்டார்) அடித்துப் பார்க்கலாம் என்று கை துறுதுறுக்கும். வேண்டாம். பல வருடம் நின்ற எஞ்சினில் பிஸ்டன் ரிங், சிலிண்டர் சுவரோடு துருவால் ஒட்டியிருக்கும். செல்ஃபின் பலத்தில் திருப்பினால் ரிங் உடையும், சுவரில் கோடு விழும்.

முதலில் பழைய ஆயிலை வடியுங்கள். மோர் மாதிரி வெளுத்து வந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது, ஹெட்டோ (சிலிண்டர்களின் மேல்மூடி) அதன் அடியிலுள்ள கேஸ்கட்டோ போயிருக்கிறது என்று அர்த்தம். நான்கு பிளக்கையும் கழற்றி, ஒவ்வொரு ஓட்டையிலும் இரண்டு கரண்டி எஞ்சின் ஆயிலும் டீசலும் கலந்து ஊற்றி, மூன்று நாள் விடுங்கள். பிறகு பிளக் இல்லாமலேயே, எஞ்சினின் முன்பக்கமுள்ள கிராங்க் புல்லி நட்டில் நீளமான ஸ்பேனர் மாட்டிக் கையால் மெல்ல அசையுங்கள். இந்தப் பக்கம் ஒரு நூல், அந்தப் பக்கம் ஒரு நூல் என்று அசைந்தாலே போதும். கொஞ்சம் கொஞ்சமாக முழுச் சுற்றுக்கு வரும். அசையவே இல்லை என்றால் அசிட்டோனும் ஆட்டோமேட்டிக் கியர் ஆயிலும் சரிபாதி கலந்து ஊற்றி ஒரு வாரம் பொறுங்கள். எங்கள் வண்டி ஒன்பதாவது நாள் அசைந்தது. அந்தச் சாயங்காலம் என் அம்மா கொட்டாய்க்கு வந்து, ஒன்றும் பேசாமல் டேஷ்போர்டைத் துடைத்துவிட்டுப் போனார்.

கையால் தடையில்லாமல் சுற்றுகிறது என்றால் புது ஆயில், புது ஃபில்டர். ஆயில் சாதாரண மினரல் வகையில் 20டபிள்யூ-50 போதும். பிளக் இல்லாமல், காயில் ஒயரைப் பிடுங்கிவிட்டு, இப்போது செல்ஃப் அடியுங்கள். ஆயில் விளக்கு அணையும் வரை விட்டுவிட்டு அடிக்க வேண்டும். பேரிங்குக்கு ஆயில் போய்ச் சேர்ந்த பிறகுதான் நெருப்பு.

பெட்ரோல் பக்கம். டேங்கிலுள்ள பழைய பெட்ரோல் வார்னிஷ் வாடை அடிக்கும். அதில் ஒரு துளிகூட கார்புரேட்டருக்குப் போகக் கூடாது. டேங்கைக் கழற்றி, வெளியில் வைத்து வடித்து, உள்ளே ஒரு கைப்பிடி பழைய நட்டுகளும் சோப்புத் தண்ணீரும் போட்டுக் குலுக்கிக் குலுக்கித் துருவை எடுங்கள். ஓட்டை இருந்தால் எவ்வளவு கழுவினாலும் வீட்டில் வெல்டிங் வைக்கவே கூடாது. காலி டேங்கில் தங்கும் ஆவிதான் வெடிக்கும். ரேடியேட்டர் கடையில் ஈயம் பற்ற வைப்பவர்களிடம் கொடுங்கள், அவர்களுக்கு அதன் முறை தெரியும்.

கார்புரேட்டரைப் பிரித்து ஜெட் துளைகளைக் காற்றால் ஊதிச் சுத்தம் செய்யுங்கள். கம்பி விட்டுக் குத்தினால் துளை பெரிதாகிவிடும். பெட்ரோல் பம்பின் டயஃப்ரம், எல்லா ரப்பர் டியூப்களும் புதிதாக மாற வேண்டும். இப்போது பங்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எண்பதுகளில் செய்த ரப்பர் அதற்குத் தாங்காது. ஊறி, வெடித்து, சூடான எஞ்சின் மேல் ஒழுகும். எத்தனால் தாங்கும் டியூப் என்று கேட்டு வாங்குங்கள்.

பற்றவைப்பு எளிது. புது சி.பி. பாயிண்ட் (பொறிக்கான மின்சாரத்தை விட்டுவிட்டு வெட்டும் முனை), கண்டென்சர், பிளக் நான்கு. பாயிண்ட் இடைவெளி 0.45 மி.மீ. அளவில், பிளக் இடைவெளி 0.6 மி.மீ. பற்றும் வரிசை 1-3-4-2. பிளக் ஒயர்களில் எண் ஒட்டிய பிறகே கழற்றுங்கள்.

தண்ணீரைப் பற்றி ஒரு வார்த்தை. நம் போர்வெல் தண்ணீர் உப்பு. சோறு வேகும் பாத்திரத்தில் வெள்ளைப் படிவு வைப்பதுபோல ரேடியேட்டருக்குள்ளும் வைக்கும். அதிலும் இந்த எஞ்சினின் ஹெட் அலுமினியம், பிளாக் வார்ப்பிரும்பு. உப்புத் தண்ணீரில் இரண்டும் சேர்ந்தால் அலுமினியம்தான் கரையும். டிஸ்டில்டு வாட்டரும் கூலன்ட்டும் கலந்து ஊற்றுங்கள். கோவைக்காரர்கள் சிறுவாணித் தண்ணீர் இருக்கிறதே என்பார்கள்; அதைக் குடிக்க வைத்துக்கொள்ளலாம்.

முதல் ஸ்டார்ட்டை வெட்டவெளியில் செய்யுங்கள். பக்கத்தில் ஒருவர் தீயணைப்பானோடு நிற்கட்டும். முதலில் வெள்ளைப் புகையும் நீலப் புகையும் வரும். ஊற்றிய ஆயில் எரிகிறது. பத்து நிமிடத்தில் குறைய வேண்டும்.

திறக்கலாமா, வேண்டாமா?

எஞ்சின் சூடான பிறகு கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் ஏறும் அழுத்தம்) பாருங்கள். நான்கு சிலிண்டரும் ஒன்றுக்கொன்று பத்து சதவீதத்துக்குள் இருந்து, புகையும் நின்றுவிட்டால் திறக்காதீர்கள். ‘எதற்கும் ஒரு முறை பிரித்துப் பார்த்துவிடலாம்’ என்று யார் சொன்னாலும் கேட்க வேண்டாம். ஒரு சிலிண்டர் மட்டும் குறைவாக இருந்தால் அதில் ஒரு கரண்டி ஆயில் ஊற்றி மறுபடி பாருங்கள். அளவு ஏறினால் ரிங் தேய்மானம், ஏறாவிட்டால் வால்வு.

ஹெட்டைக் கழற்றுவதாக இருந்தால், எஞ்சின் முழுதாக ஆறிய பிறகு, ஓரத்து நட்டிலிருந்து நடுவை நோக்கிக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்துங்கள். மாட்டும்போது நடுவிலிருந்து ஓரத்துக்கு, டார்க் ரென்ச் வைத்து, மூன்று தடவையாக. அட்டையில் எட்டு ஓட்டை போட்டு எண் எழுதி, புஷ்ராடுகளை (வால்வுகளைத் தள்ளும் கம்பிகள்) வரிசை மாறாமல் குத்தி வையுங்கள். நான் இதைச் செய்யாமல் எட்டையும் ஒரு டப்பாவில் போட்டுவிட்டேன். ஒவ்வொன்றும் தன் இடத்தில் தேய்ந்து பழகியவை. மாற்றி மாட்டியதில் வந்த சத்தத்தைக் கண்டுபிடிக்க ஒன்றரை மாதம் போனது.

இந்த இடத்தில்தான் நாம் கொடுத்துவைத்தவர்கள். மோட்டார் பம்புக்கும் வார்ப்படத்துக்கும் பேர் போன ஊர் கோவை. கணபதியிலும் பீளமேட்டிலும் குறிச்சி சிட்கோவிலும், கையில் இரும்பைக் கொடுத்தால் கண்ணாலேயே அளவு சொல்லும் லேத்காரர்கள் இருக்கிறார்கள். கிடைக்காத புஷ், தேய்ந்த இரும்புப் பின், உடைந்த பிராக்கெட் எதுவானாலும் மாதிரியைக் கொண்டுபோனால் கடைந்து தருவார்கள். ரீபோர் (தேய்ந்த சிலிண்டரைக் கடைந்து பெரிதாக்குவது) செய்வதானால் பிஸ்டனை முதலில் வாங்குங்கள். கைக்கு வந்த பிஸ்டனை அளந்து, அதற்கேற்றபடிதான் போர் அடிக்க வேண்டும். ‘முதல்ல பிஸ்டனக் கொண்டாங்க தம்பி, போரு எங்க போயிரப்போகுது’ என்று ஒரு லேத்கார அண்ணன் என்னைத் திருப்பி அனுப்பினார். அவர் சொன்னது சரி. நான் கேட்டிருந்த ஓவர்சைஸ் பிஸ்டன் கிடைக்கவே இல்லை; கிடைத்த அடுத்த அளவுக்குத்தான் போர் அடித்தோம்.

பிரேக்: இதில் சிக்கனம் வேண்டாம்

எஞ்சின் ஓடியதும் கொட்டாயைவிட்டு ஒரு சுற்று போய் வரத் தோன்றும். பிரேக் முடியும் வரை கூடாது.

பத்மினியின் பிரேக் ஒரே சுற்று. எங்கே ஒழுகினாலும் நான்கு சக்கரத்துக்கும் பிரேக் போய்விடும். அதனால் மாஸ்டர் சிலிண்டர் கிட், நான்கு வீலுக்கும் வீல் சிலிண்டர், எல்லா ரப்பர் ஹோஸ், துருப்பிடித்த இரும்புக் குழாய்கள் அனைத்தையும் மாற்றிவிடுங்கள். பார்க்க நன்றாக இருக்கிறதே என்று எதையும் விடாதீர்கள். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும், குழாய் உள்ளிருந்துதான் துருப்பிடிக்கும்.

டிரம்மைத் திறந்ததும் உள்ளே இருக்கும் தூசியைக் காற்றால் ஊதாதீர்கள். பழைய ஷூக்களில் ஆஸ்பெஸ்டாஸ் உண்டு. தண்ணீர் தெளித்து, ஈரத்துணியால் துடைத்து, துணியைக் கவரில் கட்டிப் போட்டுவிடுங்கள். ஒரு பக்கத்தை முடித்த பிறகே அடுத்த பக்கம். ஸ்பிரிங் எந்தக் கண்ணில் மாட்டியது என்று பார்க்கத் திறக்காத பக்கம் ஒன்று வேண்டும்.

பிரேக் ரப்பர்களைப் பெட்ரோலிலோ மண்ணெண்ணெயிலோ கழுவினால் உப்பிப் பாழாகும். புது பிரேக் ஆயிலில் மட்டும் கழுவுங்கள். எல்லாம் மாட்டியபின் மாஸ்டர் சிலிண்டருக்கு மிகத் தூரத்திலுள்ள சக்கரத்தில் தொடங்கிக் காற்றை எடுங்கள். ஒருவர் பெடலை மிதிக்க, ஒருவர் நிப்பிளைத் திறக்க. என் பெண் பெடலில் உட்கார்ந்து ‘மிதிச்சாச்சுங்ப்பா, விட்டாச்சுங்ப்பா’ என்று ஒரு மத்தியானம் முழுவதும் கூடவே இருந்தாள். பெடல் கல் மாதிரி நிற்க வேண்டும். பஞ்சு மாதிரி இருந்தால் காற்று இன்னும் இருக்கிறது. மிதித்தபடியே ஒரு நிமிடம் வைத்திருங்கள். கீழே இறங்கினால் எங்கோ ஒழுகுகிறது.

டயர் தேயாமல் நன்றாக இருந்தாலும் வயதைப் பாருங்கள். பக்கவாட்டில் கடைசி நான்கு இலக்கம்: 2214 என்றால் 2014-ன் 22-வது வாரம் செய்தது. பத்து வருடம் தாண்டியதை மாற்றுங்கள். முன் சக்கரம் திரும்பும் அச்சான கிங்பின்னில் ஆட்டம் பார்த்து, எல்லா நிப்பிளிலும் பழைய கிரீஸ் வெளியே வரும் வரை புதுக் கிரீஸ் அடியுங்கள். பின் ஸ்பிரிங் பட்டை தொய்ந்திருந்தால் நாமக்கல், சங்ககிரி பக்கம் லாரிக்குப் பட்டை கட்டுகிறவர்களிடம் போங்கள். அவர்களுக்கு இது விளையாட்டு வேலை.

ஒயர்

எலி கடித்த ஒயரில் டேப் சுற்றி ஓட்டாதீர்கள். மூன்று இடத்துக்கு மேல் கடித்திருந்தால் முழு ஒயரிங்கையும் புதிதாகக் கட்டுவதே நல்லது. பழையதை முழுதாக எடுத்து, பலகையில் ஆணி அடித்து விரித்து, அதே நீளம் அதே நிறத்தில் புது ஒயர் கட்டலாம். வீட்டிலேயே நிதானமாகச் செய்யக்கூடிய வேலை இது. இந்த வண்டியின் மின்கோளாறுகளில் பாதிக்கு மேல் எர்த் (மின்சாரம் பாடி வழியாகத் திரும்பும் இணைப்பு) கோளாறுதான். எஞ்சினிலிருந்து பாடிக்குப் போகும் பட்டை, விளக்குகளின் எர்த் முனைகள் எல்லாவற்றையும் பளிச்சென்று தேய்த்து மாட்டுங்கள். ஹெட்லைட்டுக்கு ரிலே, பேட்டரிக்கு ஒரு கட்-ஆஃப் சுவிட்ச், இந்த இரண்டும் பழைய வண்டிக்கு நான் மனதார ஒப்புக்கொள்ளும் புது வசதிகள்.

தகரமும் துருவும்

வண்டி ஓடி, நின்று, விளக்கெரிந்த பிறகே தகர வேலை. நான் இதைத் தலைகீழாகச் செய்தேன். முதல் வருடமே ஒரு பட்டறையில் முழுப் பெயிண்ட் அடித்துவிட்டு, பிறகு சில் பெட்டி ஓட்டையைப் பார்த்து வெல்டிங் வைத்தோம். தீப்பொறி பட்டுப் புதுப் பெயிண்ட் கொப்பளித்தது. பட்டறைக்காரரும் காந்தம் வைத்துப் பார்க்கவில்லை, நானும் கேட்கவில்லை.

சில் பெட்டியை வெட்டும் முன், கதவு வாசலின் குறுக்கே இரும்புச் சட்டத்தைத் தற்காலிகமாகப் பற்றவைத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் பாடி நடுவில் தொய்ந்து, பிறகு கதவே சேராது. ஒரு பக்கத்தை முடித்துவிட்டு மறுபக்கம். துருப்பிடித்த தகரத்தின் மேல் புதுத் தகரத்தை ஒட்டாதீர்கள். நல்ல தகரம் வரும் வரை வெட்டி எடுத்துவிட்டு ஒட்ட வேண்டும். கரூரில் பஸ் பாடி கட்டிப் பழகிய டிங்கர் யாராவது கிடைத்தால் விடாதீர்கள். தகரத்தை அடித்து வளைவு எடுப்பது அவர்கள் கையில் வந்த வித்தை; அதைப் படித்துக் கற்க முடியாது.

சின்னச் சாமான்களின் துருவுக்கு வீட்டிலேயே ஒரு அருமையான வழி உண்டு. பிளாஸ்டிக் வாளியில் தண்ணீர், நான்கு லிட்டருக்கு ஒரு மேசைக்கரண்டி வாஷிங் சோடா. துருப்பிடித்த சாமானை பேட்டரி சார்ஜரின் நெகட்டிவில் கட்டித் தொங்கவிடுங்கள். பாசிட்டிவில் ஒரு பழைய இரும்புத் துண்டு. இரண்டும் தொடக் கூடாது. ராத்திரி முழுவதும் விட்டால், நல்ல இரும்பைத் தொடாமல் துருவை மட்டும் கருப்பு மண்ணாக உதிர்த்துவிடும். பாசிட்டிவில் ஸ்டீல் கரண்டியைப் போடாதீர்கள். ஸ்டெயின்லெஸ் கரைந்தால் தண்ணீர் விஷமாகும். ஹைட்ரஜன் வாயு வருவதால் வெளியில், நெருப்பு இல்லாத இடத்தில் வையுங்கள். அலுமினியத்துக்கு இது ஆகாது. பித்தளைச் சாமானுக்கு வீட்டுப் புளியே போதும்.

கதவின் அடியில் தண்ணீர் வடியும் ஓட்டைகள் உண்டு. பெயிண்டோ பட்டியோ அவற்றை அடைத்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். முதல் துரு அங்கிருந்துதான் தொடங்கியது.

பெயிண்ட்

ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் அந்தக் காற்றில் ஈரப் பெயிண்டின் மேல் என்னென்ன வந்து ஒட்டும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஐப்பசி, கார்த்திகை மழையில் தின்னர் ஈரத்தை இழுத்துப் பெயிண்ட் வெளுக்கும். தை பிறந்த பிறகு பங்குனிக்குள் முடித்துக்கொள்ளுங்கள்.

பெயிண்டின் அழகு அடியில் இருக்கிறது. வெறும் தகரம் தெரிந்த அன்றே எபாக்சி பிரைமர் அடித்துவிடுங்கள். சாம்பல் நிறச் சாதாரண பிரைமர் தண்ணீரை உள்ளே விடும். அதோடு வண்டியை மாதக்கணக்கில் நிறுத்தினால் பிரைமருக்கு அடியிலேயே துரு பிடிக்கும். எபாக்சிக்கு மேல் மெல்லிசாகப் பட்டி, மரக்கட்டையில் சுற்றிய எமரியால் நீளவாக்கில் தேய்ப்பு, மறுபடி பிரைமர், வாட்டர் பேப்பர். கையை மேலே ஓட்டிக் கண்ணை மூடிப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத பள்ளம் உள்ளங்கைக்குத் தெரியும்.

இதுவரை எல்லாவற்றையும் வீட்டில் செய்யலாம். கடைசிக் கோட்டுக்கு பி.யூ. (பாலியூரித்தேன்) பெயிண்ட் என்றால் பூத் (பெயிண்ட் அடிக்கும் தனி அறை) உள்ள பட்டறைக்குக் கொண்டுபோங்கள். அதன் ஹார்டனரில் உள்ள ஐசோசயனேட் நுரையீரலைக் கெடுக்கும். துணி முகக்கவசம் அதைத் தடுக்காது. நிறத்தைத் தேர்ந்தெடுக்கும் முன் ஒரு நாள் கோவை அவினாசி சாலையிலுள்ள ஜி.டி. கார் அருங்காட்சியகத்துக்குப் போய்வாருங்கள். பழைய கார்களின் நிறம் அன்றைய காலத்தில் எப்படி அடங்கி இருந்தது என்பது நேரில் பார்த்தால்தான் புரியும். நான் சிவப்பு அடிக்கும் நினைப்போடு போனேன், அப்பிச்சியின் பழைய வெளிர்நீலத்துக்கே திரும்பினேன்.

சீட்டு, ரப்பர் பீடிங், கண்ணாடி எல்லாம் பெயிண்டுக்குப் பிறகு. பீடிங் ரப்பரைப் புதிதாகவே வாங்குங்கள், பழையது தண்ணீரை விடும். டிக்கிக்குள் நான் பவானி ஜமக்காளம் ஒன்றை மடித்துப் போட்டிருக்கிறேன். வீட்டில் பழைய ஜமக்காளம் இருந்தால் நீங்களும் போடலாம்.

முதல் ஐந்நூறு கிலோமீட்டர்

ஆர்.டி.ஓ. ஆய்வும் இன்ஷூரன்சும் முடிந்த பிறகு, முதல் நாள் ஐந்து கிலோமீட்டர் போதும். திரும்பி வந்து அடியில் அட்டை விரித்து நிறுத்துங்கள்; காலையில் எந்தச் சொட்டு எங்கே விழுந்திருக்கிறது என்று அட்டை சொல்லும். நான்கு டிரம்மையும் தொட்டுப் பாருங்கள். ஒன்று மட்டும் கொதித்தால் அந்த ஷூ ஒட்டுகிறது. எஞ்சினைத் திறந்து மாட்டியிருந்தால் ஹெட் நட்டுகளை மறுபடி டார்க் பார்க்க வேண்டும். ரீபோர் செய்த எஞ்சினை ஐந்நூறு கிலோமீட்டர் வரை முறுக்காமல், ஒரே வேகத்தில் வெகுநேரம் ஓட்டாமல், கூட்டிக் குறைத்து ஓட்டுங்கள். பிறகு ஆயிலை மாற்றி, வடிந்த ஆயிலைக் காந்தத்தால் துழாவிப் பாருங்கள்.

சத்தியமங்கலம் வரை போகலாம், பண்ணாரி வரையும் போகலாம். திம்பம் மலைப்பாதையின் 27 கொண்டை ஊசி வளைவுகளை அந்த ஆயில் மாற்றம் முடியும் வரை தள்ளி வையுங்கள். நாங்கள் ஐந்நூற்றுப் பன்னிரண்டாவது கிலோமீட்டரில் ஏறினோம். பதினான்காவது வளைவில் எஞ்சின் சூடு காட்டும் முள் மேலே போனது. ஓரங்கட்டி, பானட்டைத் திறந்து, மூடியைத் தொடாமல் அரைமணி நேரம் ஆறவிட்டு மறுபடி ஏறினோம். ஊருக்கு வந்து பார்த்தால் ஃபேன் பெல்ட் ஒரு விரல் தொய்ந்திருந்தது. புது பெல்ட் முதல் சில நூறு கிலோமீட்டரில் நீளும். ஆயில் மாற்றும் அன்றே அதையும் இறுக்கிவிடுங்கள்.